முதலாளி கொடுத்த கூடாரக் கரத்தை

தர்மம் என்பதை நான் முதன்முதலில் கண்ணால் கண்டது ஒரு சுவர்க் கடிகாரமாகத்தான். புத்தளம் பட்டினத்தில் நான் படித்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில், மாமன்னரின் படத்துக்குப் பக்கத்தில் அது தொங்கியது. வெள்ளைக்காரர் ஒரு நாள் போய்விடுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிராத காலம் அது. கடிகாரத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு. அதில் கடிகாரத்தைக் கொடுத்த முதலாளியின் பெயர். ஆண் பிள்ளைகளின் வகுப்புக்குப் போட்ட ஓடு, மேசைகள், முன்வாசலுக்குப் பூட்டிய இரட்டைத் தேக்கங்கதவு எல்லாம் அவர் கொடுத்தவைதான். எல்லாவற்றிலும் எங்காவது ஓரிடத்தில் அவருடைய பெயர் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு மலகூடம் இல்லை. அவசரமென்றால் பின்னாலிருந்த பற்றைக் காணிக்குள் ஓட வேண்டும், ஒருத்தி காவல் நிற்க வேண்டும். தேக்கங்கதவைச் சாத்தித் திறந்து விளையாடுவதில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை.

அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்தப் பிள்ளைகளைக் கொழும்பில் விடுதியில் விட்டுப் படிப்பித்த பணக்காரர்கள் எங்கள் ஊரில் வேறும் இருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், களப்பில் மீன் பிடிக்கிறவர்கள், கடைகளில் மூட்டை தூக்குகிறவர்கள் ஆகியோரின் பிள்ளைகள் படிக்கிற இடம் என்று ஒதுக்கிவிட்டார்கள். இவர் ஒருவருக்குத்தான் அதில் அக்கறை இருந்தது. உப்பளமும் தென்னந்தோட்டமும் உள்ளவர். இடைக்கிடை வந்து தலைமை வாத்தியாரிடம், "இன்னும் என்ன வேணும்?" என்று கேட்பார். தலைமை வாத்தியாரோ, என்ன கேட்டால் முதலாளிக்குப் பிடிக்கும் என்று யோசித்து யோசித்துப் பதில் சொல்வார். நான் ஜன்னலுக்குள்ளால் எட்டிப் பார்த்துக்கொண்டு, இந்தக் கேள்வியை எங்களிடம் ஏன் இவர் கேட்பதில்லை என்று வியந்துகொண்டிருப்பேன். நான் அப்படிப்பட்ட பிள்ளை. "இந்தக் குட்டிக்கு வாயெல்லாம் கேள்வி" என்று உம்மா சொல்வாள்.

உம்மா அந்த முதலாளியின் உப்பளத்தில்தான் உப்புச் சுமந்தாள். வாப்பா காய்ச்சலில் மௌத்தான பிறகு எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உப்பளத்தின் ஓரமாக ஓலை வீடுகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்று எங்களுடையது. ஓலைத் தட்டியில் ஒரு ஓட்டை வைத்திருந்தேன். றோட்டில் போகிற வருகிற எல்லாரையும் அதற்குள்ளால்தான் பார்ப்பேன்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். வசதியான வீட்டுப் பெண்கள் கோஷா பேணுவார்கள். அந்நிய ஆண்களின் கண்ணில் படமாட்டார்கள். எங்காவது போவதென்றால் கூண்டு கட்டி, முன்னும் பின்னும் திரை போட்ட மாட்டுக் கரத்தையில்தான் போவார்கள். அப்படி ஒரு கரத்தை வந்தால் தெருவில் நிற்கிற ஆண்கள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள். அது சட்டம் இல்லை, ஆனால் சட்டத்தைவிட இறுக்கமானது. எங்களைப் போன்ற வீடுகளில் கட்டியவளும் கைம்பெண்ணும் வயிற்றுப்பாட்டுக்காகத் தலையை மூடிக்கொண்டு நடந்து போகலாம். அதை யாரும் பெரிதாக எடுக்க மாட்டார்கள். கலியாணமாகாத குமர்ப் பிள்ளை மட்டும் படி தாண்டக் கூடாது.

ஐந்தாம் வகுப்பு முடிந்த வருஷம் நான் பெரிய பிள்ளையானேன். உம்மா தண்ணீர் வார்த்துப் புதுத் துணி உடுத்திவிட்டாள். அதோடு பள்ளிக்கூடமும் நின்றது. பாய் இழைக்கப் பழகு என்றாள். நான் பன்புல்லை மடியில் போட்டுக்கொண்டு ஓட்டைக்குள்ளால் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்ததை மறைக்கப் போவதில்லை. கணக்கில் பின்னங்கள் தொடங்கியிருந்தன. அரையையும் காலையும் எப்படிக் கூட்டுவது என்று தெரிந்துகொள்ள முன்னால் என்னை வீட்டில் இருத்திவிட்டார்கள் என்பதுதான் என் பெரிய துக்கம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெண்கள் பகுதிக்கு ஒரே ஒரு டீச்சர்தான். தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண்; நெடிய உருவம், கையில் எப்போதும் கறுப்புக் குடை. அவருக்கும் ஒரு கவலை இருந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் வந்து, வெறுமையாகக் கிடந்த வாங்குகளைப் பார்த்துவிட்டு, இந்தப் பகுதியை மூடி மிச்சப் பிள்ளைகளை ஆண் பிள்ளைகளோடு சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படிச் சேர்த்தால் ஒரு பெண் பிள்ளைகூட வராது என்பது அந்தத் துரைக்கு விளங்கவில்லை. டீச்சருக்கு நன்றாக விளங்கியது. குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"இவளை நிப்பாட்டாதீங்க. எட்டாம் வகுப்பு முடிச்சா டீச்சர் பயிற்சிக்கு அனுப்பலாம்" என்றார்.

"நிப்பாட்ட எனக்கென்ன ஆசையா டீச்சர்? குமர்ப் புள்ள. சந்தியால நடந்து போனா நாளைக்கு ஆரு கேட்டு வருவாங்க?"

"நீங்க நாளாந்தம் அந்தச் சந்தியாலதானே போறீங்க?"

"நான் நடக்கிறது வயித்துக்கு. இவ நடக்கிறது என்னத்துக்கு?"

டீச்சர் உம்மா கொடுத்த வெறுந்தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெரிய வீட்டுக் கரத்தை திரை மூடிக்கொண்டு றோட்டில் போனது. பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் சட்டென்று வேலிப் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பிடி ஒரு கரத்தையில போனா?" என்று கேட்டார் டீச்சர்.

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுல போனா இவ ராசாத்தியெல்லோ. ஆரு என்ன கதைக்கப் போறாங்க?"

டீச்சர் சிரிக்கவில்லை. கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்து நடந்ததைத் தலைமை வாத்தியாரே ஊரெல்லாம் சொன்னதால் எனக்குத் தெரியும். முதலாளி பரிசளிப்பு விழா நடத்துவதற்கென்று ஒரு மண்டபம் கட்டித் தர நினைத்திருந்தார். தலைமை வாத்தியார் நன்றி சொல்லப் போனபோது டீச்சரும் கூடவே போய், "மண்டபம் வேணாம் முதலாளி, ஒரு கூடாரக் கரத்தை தாங்க" என்று சொல்லிவிட்டார். தலைமை வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியதாம்.

"கரத்தையா? பள்ளிக்கூடத்துக்கா?"

"ஓம் முதலாளி. மண்டபத்துல இருக்கிறதுக்குப் புள்ளைகள் வேணுமே. வளந்த புள்ளைகள் எல்லாம் வீட்டோட நிண்டு போறாங்க. திரை போட்ட கரத்தை வாசலுக்கு வந்தா வருவாங்க."

முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்தாராம். டீச்சர் விடவில்லை. "மண்டபம் ஒரு இடத்துல நிக்கும். உங்கட பேரைப் பாக்கச் சனம் அங்க வரணும். கரத்தையெண்டா தெருத் தெருவாப் போகும்" என்றாராம். முதலாளி புரையேறச் சிரித்துவிட்டு, தச்சு ஆசாரியாரை அழைத்து வரச் சொன்னாராம்.

கரத்தை வந்தது. சிவப்புச் சில்லு, பிரம்புக் கூண்டு, பச்சைத் திரை, இரண்டு வெள்ளை மாடுகள். பின்பலகையில் மஞ்சள் எழுத்தில் முதலாளியின் பெயர், கடிகாரத்தில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரிதாக. ஆனால் அது எங்கள் வரிசைக்கு வரவில்லை. முதலாளியும் அவருடைய கூட்டாளிமார் சிலரும் கூடியிருந்து, கோஷா பேணுகிற வீடுகளுக்கு மட்டும்தான் கரத்தை என்று முடிவு செய்துவிட்டார்கள். நடந்து பழகினதுகளுக்குக் கரத்தை என்னத்துக்கு, இன்றைக்குக் கொடுத்தால் நாளைக்கு உப்பு அள்ளப் போகவும் கரத்தை கேட்பாளுகள் என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். கோஷா பேணுகிற வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஓதிக் கொடுக்கவும் எழுத்துக் காட்டவும் வீட்டுக்கே ஆள் வந்து போவதுண்டு. அவர்களுக்குக் கரத்தையின் தேவையே இல்லை. வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, மிச்ச இடத்தில் காற்றை ஏற்றிக்கொண்டு, அது என் ஓட்டைக்கு முன்னால் போய் வந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

தலைமை வாத்தியார் எதையும் தெளிவாகக் கேட்டு வைத்துக்கொள்கிற மனிதர். கோஷா வீடு என்று எதைக் கண்டு முடிவு செய்வது என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். "வாசல்ல திரை தொங்கினா அது கோஷா வீடு. இதுல என்ன கேள்வி?" என்று முதலாளி எரிந்து விழுந்திருக்கிறார். டீச்சர் அதைக் கேட்ட அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"வாசலுக்கு ஒரு திரை போடுங்க" என்றார் உம்மாவிடம்.

"உடுக்கவே துணி இல்ல. திரைக்கு எங்க போற?"

சொல்லிக்கொண்டே உம்மா மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு பழைய உப்புச் சாக்குக் கிடந்தது. முதலாளியின் உப்பளத்துச் சாக்குத்தான், கறுப்பு மையில் அவருடைய குறியும் அதில் இருந்தது. உம்மா அதன் தையலைப் பிரித்து, குறி உள்பக்கம் வரும்படி வாசலில் தொங்கவிட்டாள். அவ்வளவுதான், நாங்கள் கோஷா வீடு.

அந்தச் சாக்குத் திரையை என்னால் மறக்க முடியாது. காற்று அடித்தால் உப்புத் தூள் உதிரும். மழைக்காலத்தில் ஈரம் கசிந்து வியர்க்கும். பக்கத்து வீட்டு ராத்தாவும் வந்து பார்த்துவிட்டுப் போய் ஒரு சாக்கைத் தொங்கவிட்டா. அவவுக்கு என் வயதில் ஒரு மகள். பிறகு அடுத்த வீடு. கொஞ்ச நாளில் வரிசை முழுக்கச் சாக்குத் திரைகள் ஆடின. உப்பளத்துச் சனத்துக்கு மார்க்கப் பற்று கூடிவிட்டது என்று முதலாளி ஜும்ஆத் தொழுகைக்கு வந்த இடத்தில் பூரித்துப்போய்ச் சொன்னாராம். அவர் பொய்யாகச் சொல்லவில்லை, கண்டதைத்தான் சொன்னார்.

நான் முதல் நாள் கரத்தையில் ஏறியது இன்னும் காலில் நினைவிருக்கிறது. ஏறுவதற்கு ஒரு சின்ன மரப்படி வைப்பார்கள். கரத்தை ஓட்டுகிறவரை அண்ணன் முறையில் காக்கா என்போம். அவர் எங்களைப் பார்க்கக் கூடாது என்பதால் முன்னால் போய் நின்று மாட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாரும் ஏறியதும் பலகையில் தட்டுவோம். அவர் ஏறிக் கரத்தையை ஓட்டுவார். உள்ளே பச்சை வெளிச்சம். பக்கத்துத் திரையில் தையல் விட்ட இடம் ஒன்று இருந்தது. முதல் நாளே அதைக் கண்டுபிடித்து அதனருகில் குந்திக்கொண்டேன். வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்குள்ளால் பார்த்தபோது ஊர் எனக்கு வேறாகத் தெரிந்தது. முன்பு மண்ணெண்ணெய் வாங்கப் போனால் "தள்ளி நில்லு குட்டி" என்று அதட்டிய கடைக்காரர் எங்கள் கரத்தையைக் கண்டதும் மரியாதையாக முகத்தைத் திருப்பினார். அரசாங்கக் கச்சேரிப் பியோன் திரும்பினார். பொலீஸ்காரர்கூடத் திரும்பினார். தெருவில் திரிந்த கழுதைகள் மட்டும்தான் எங்களை நேராகப் பார்த்தன. உள்ளே இருப்பது நான்தான் என்று தெரிந்தால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே போவேன். அந்தக் கேள்வி எனக்குப் பெரிய ருசியாக இருந்தது.

இது நெடுநாள் ஓடவில்லை. கூட வந்த வியாபாரி வீட்டுப் பிள்ளை ஒருத்தி தன் வீட்டில் போய், உப்பு வாரும்போது கால் வெடித்தால் மெழுகு உருக்கிப் பூச வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அதைச் சொன்னது நான்தான். "என்ட புள்ளைக்குப் பக்கத்துல ஆரு குந்துறாங்க?" என்று அவளுடைய உம்மா கேட்க, அவள் வாப்பா முதலாளியிடம் போய்ப் பொரிந்திருக்கிறார். உங்கட உப்பளத்துல கூடை தூக்குறவளுகட புள்ளைகளை எங்கட புள்ளைகளோட ஏத்திக்கிட்டுத் திரியுது உங்கட கரத்தை என்று.

அடுத்த நாள் காலை, பள்ளிவாசல் சந்தியில் கரத்தை நின்றது. நான் திரையின் ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். முதலாளி குடையோடு நின்றார்.

"உள்ள எத்தன புள்ளைகள்?" என்று காக்காவிடம் கேட்டார்.

"எனக்கெப்பிடித் தெரியும் முதலாளி? அவங்க ஏறக்குள்ள நான் மாட்டைத்தான் பாத்துக்கிட்டு நிப்பன். மாட்டுக்கிட்டத்தான் கேக்கணும்."

"எந்த எந்த வீட்டுப் புள்ளைகள்?"

"நீங்க சொன்ன மாதிரித்தான். திரை தொங்கிற வீட்டுப் புள்ளைகள்."

முதலாளி சுற்றிக்கொண்டு என் பக்கத்துக்கு வந்தார். அவரை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன மனிதர். கோட்டுப் பொத்தான் ஒன்று நூலில் தொங்கியது. அவருடைய கை திரையை நோக்கி எழும்பியது. சந்தியில் நின்ற ஆண்கள் எல்லாரும் மறுபக்கம் திரும்பியபடி, ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கை பாதியில் நின்றது. பிறகு அது கீழே இறங்கிப் பைக்குள் போய் ஒரு லேஞ்சியை எடுத்துக்கொண்டு வந்து நெற்றியைத் துடைத்தது. திரைத் துணி அவர் காசில் வாங்கியது, கரத்தை அவருடையது, மாடுகள் அவருடையவை. ஆனாலும் குமர்ப் பிள்ளைகள் இருக்கிற திரையைத் திறக்க அவரால் முடியாது. திறந்தால் அன்றைக்கே ஊரில் அவர் பெயர் கெட்டுவிடும்.

"உள்ள ஆரு இருக்கிற?" என்று கேட்டார்.

அந்நிய ஆணுக்குக் குரல் கொடுக்கக் கூடாது என்றுதான் எங்களை வளர்த்திருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவளுக்குத் தும்மல் வந்தது. நான் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

தனக்கு முடியாததைச் செய்ய அவர் தன் மனைவியை அனுப்பினார். அடுத்த வாரம் ஒரு நாள் கரத்தை முதலாளி வீட்டுப் பின்வாசலில் நின்றது. அத்தர் மணத்தோடு ஒரு பெண் ஏறி உள்ளே வந்தார். கையில் தங்கக் காப்பு, தலையில் சரிகை முக்காடு. உம்மாவின் வயதுதான் இருக்கும். ஆனால் வெயில் படாத முகம். நாங்கள் ஒடுங்கி இடம் கொடுத்தோம். கரத்தை நகர்ந்ததும் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் வாப்பாவின் கடையைச் சொன்னார்கள். என் முறை வந்தது.

"உப்பளத்து வரிசை" என்றேன்.

"வாசல்ல திரை இரிக்கா?"

"இரிக்கி மாமி. சாக்குத் திரை."

"என்ன சாக்கு?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "உங்கட உப்பளத்துச் சாக்கு மாமி."

முடிந்தது என்று நினைத்தேன். மாமியின் தோள் குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறா என்று பயந்தேன். பார்த்தால், முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிறா. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, "உம்மா என்ன செய்றா?" என்று கேட்டா.

"உப்புச் சுமக்கிறா."

மாமி என் பக்கம் சாய்ந்தா. எனக்கு மட்டும் கேட்கும்படி, "உப்பு எப்பிடிப் புள்ள வெளையிது?" என்றா.

நான் வாயைப் பிளந்தேன். உப்பு முதலாளியின் மனைவி உப்பளத்துக் கூலியின் மகளிடம் கேட்கிற கேள்வியா இது? கேலி செய்கிறாவோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. ஓட்டைக்குள்ளால் பார்க்கும்போது எனக்கு இருக்கிற அதே முகம்.

"கலியாணம் முடிச்ச நாள் தொட்டு உப்புக் காசுலதான் சாப்பிடுறன். கண்ணால கண்டதில்ல" என்றா.

நான் சொன்னேன். களப்புத் தண்ணீரை முதலில் பெரிய பாத்திக்கு விடுவது, வெயிலில் அது தடித்ததும் சின்னப் பாத்திகளுக்குத் திறப்பது, காலையில் மேலே ஆடை படர்வது, அது கனத்து அடியில் இறங்குவது, பலகையால் இழுத்துக் குவிப்பது. மாமி இடையிடையே "ஏன்?" என்று கேட்டா. எனக்கே தெரியாத இடங்களிலும் "ஏன்?" என்று கேட்டா. தையல் விட்ட இடத்தை அவவும் கண்டுவிட்டா. "இங்க வந்து இரிக்கட்டா?" என்று கேட்டபோது வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்தை விட்டுக்கொடுத்தேன்.

கழுதை ஒன்று கச்சேரி வாசலில் படுத்துக்கொண்டு யாரையும் போகவிடாமல் இருந்ததைப் பார்த்து மாமி மறுபடியும் சிரித்தா. மீன் சந்தையைப் பார்த்தா. பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனதைப் பார்த்தா. பிறகு சட்டென்று, "உப்பளத்து றோட்டால போகச் சொல்லுங்க" என்றா.

நான் பலகையில் தட்டிச் சொன்னேன். "ஆரு சொல்ற?" என்று கேட்டார் காக்கா. "மாமி" என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மாட்டைத் திருப்பினார்.

உப்புக் காலம் அது. வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு. பெண்கள் துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் கூடையோடு வரம்பில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கரத்தை நின்றதுதான் தாமதம், பின்பலகையில் இருந்த பெயரைக் கண்ட கங்காணி பதறிப்போய்க் கத்தினான். "முதலாளி வீட்டுக் கரத்தை! பொம்புளையாக்கள் வந்திருக்கிறாங்க! எல்லாரும் திரும்பி நில்லு!" வரிசை அப்படியே திரும்பியது. கூடையை இறக்கவும் சொல்லவில்லை அவன். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இதுல உங்கட உம்மா ஆரு?" என்று மாமி கேட்டா.

நான் அவவுக்குப் பக்கத்தில் தலையை வைத்து ஓட்டைக்குள்ளால் பார்த்தேன். முதுகைக் கண்டே தெரிந்தது. "இடது கால்ல துணி சுத்தியிருக்கிறவ" என்றேன்.

மாமி நெடுநேரம் பார்த்தா. கூடையிலிருந்து உப்புத் தண்ணீர் உம்மாவின் முதுகில் வடிந்துகொண்டிருந்தது. எனக்கு ஓடிப்போய்க் கூடையை இறக்கி வைக்க வேண்டும் போல இருந்தது. நான் அசையவில்லை, குமர்ப் பிள்ளை. "போகச் சொல்லுங்க, சுணங்கினா அவங்களுக்குத்தான் பாரம்" என்று மாமி சொன்னா. அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனோம். மாமியும் இறங்கி வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்தா. நடுவில் மலகூடம் எங்கே என்று டீச்சரிடம் மெல்லக் கேட்டா. டீச்சர் பின்பக்கத்துப் பற்றையைக் காட்டினார்.

அன்று பின்னேரம் உம்மா வந்ததும் காலை நீட்டிக்கொண்டு இருந்து துணியை அவிழ்த்தாள். கோபத்தில் இருந்தாள்.

"இண்டைக்கு முதலாளி வீட்டுக் கரத்தை வந்து நிண்டிச்சு. உப்புல என்னத்தப் பாக்க வந்தாங்களோ தெரியா. அந்தக் கங்காணி பாரத்தோட திருப்பி நிப்பாட்டிப்போட்டான். கழுத்து முறிஞ்சு போச்சு."

நான் மெழுகை உருக்கிக் கொண்டுவந்து அவள் குதிக்காலில் பூசினேன். வாயெல்லாம் கேள்வி என்று பேர் வாங்கிய எனக்கு அன்றைக்கு வாயே வரவில்லை. உள்ளே இருந்தது நான் என்று எப்படிச் சொல்வது? அதோடு இன்னொரு பயமும் இருந்தது. மாமி வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பா? நாளைக்குக் கரத்தை வருமா? வராவிட்டால் என் படிப்பு அத்தோடு சரி, இந்தச் சாக்குக்குப் பின்னால் பாய் இழைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

விடிந்ததும் திரைக்குப் பின்னால் குந்திக்கொண்டு சில்லுச் சத்தத்துக்காகக் காது கொடுத்தேன். வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டு ராத்தாவின் மகளும் தன் சாக்கை விலக்கி என்னைப் பார்த்தாள். அப்புறம், உப்பளத்து முனையில் மாட்டு மணி கேட்டது. காக்கா ஒன்றும் நடக்காதவர்போல் வந்து கரத்தையை நிறுத்திவிட்டு, மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி தன் கணவரிடம் சொன்னதை டீச்சர் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். "திரை இல்லாத வீட்டுப் புள்ள ஒண்டும் அதுல இல்ல. நான் என்ட கண்ணால பாத்தன்" என்று சொன்னாவாம். முதலாளி அதற்கு மேல் ஒன்றும் கேட்க முடியாது. பார்த்து வா என்று அனுப்பியதே அவர்தான். இருந்தாலும் சந்தேகம் வராமலிருக்கக் கிழமைக்கு ஒரு தடவை தானே போய்ப் பார்ப்பது நல்லது என்றும் சொல்லிவிட்டாவாம். பெண் பிள்ளைகளுக்கு மலகூடம் கட்டாமல் கடிகாரம் கொடுத்ததற்கு வேறாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். மலகூடம் எழும்பியது. அதன் சுவரில் முதலாளியின் பெயரை எங்கே எழுதுவது என்று தலைமை வாத்தியார் பக்குவமாகக் கேட்டபோது, அதற்கு மட்டும் வேண்டாம் என்று அவர் சொன்னதை எங்கள் வகுப்பு வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தது.

கோபித்த வியாபாரி தன் மகளை நிறுத்திவிட்டார். அவள் அழுததாகக் கேள்வி. மாமி கிழமைக்கொரு தடவை வந்து என் இடத்தில் இருந்தா. நான் பக்கத்தில் இருந்து, அது இன்னாருடைய கடை, இது இன்ன மரம் என்று சொல்லிக்கொண்டு வருவேன். உப்பளத்து றோட்டால் மட்டும் பிறகு ஒருபோதும் போகச் சொல்லவில்லை. அது ஏன் என்று அவவிடம் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது, கேட்காமலே இருந்துவிட்டேன். கங்காணி திரும்பி நிற்கச் சொல்வான் என்பதாலாக இருக்கலாம். அல்லது வேறு எதுவாகவும் இருக்கலாம்.

பிற்காலத்தில் நானும் டீச்சராகி, பள்ளிக்கூடங்களுக்குத் தர்மம் செய்ய வந்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். நல்ல மனிதர்கள். அவர்கள் முன்னால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, யார் ஏழை, யாருக்குத் தகப்பன் இல்லை என்று சொல்லிக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சைத் திரை நினைவுக்கு வரும். பாதியில் நின்ற முதலாளியின் கையும் நினைவுக்கு வரும்.

எனக்கு முதல் நியமனம் கண்டக்குழியில் கிடைத்தது. என்னைக் கொண்டுபோய் விடுவதற்காக உம்மாவும் வந்தாள். பஸ்ஸுக்காகச் சந்தியில் நின்றோம். அவள் "இவ நடக்கிறது என்னத்துக்கு" என்று கேட்ட அதே சந்தி. என் கையில் குடை இருந்தது. அங்கே நிற்கும்போதுதான், இத்தனை வருஷம் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். உப்பளத்தில் வந்து நின்ற கரத்தையைப் பற்றி, கங்காணி கத்தியதைப் பற்றி, கால் துணியைக் கண்டு அவளை நான் அடையாளம் சொன்னதைப் பற்றி. முதலில் அவளுக்கு நினைவு வரவில்லை. பிறகு வந்தது. கோபிப்பாள் என்று நினைத்தேன்.

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி, "நீயா உள்ளுக்கு இருந்த?" என்றாள். "தெரிஞ்சிருந்தா, அந்தக் கங்காணி என்ன கத்தினாலும் நான் ஒருக்காத் திரும்பிப் பாத்திருப்பனே."